உச்சி வேளை விருந்தினர்

எங்கள் லால்குடியில் கொள்ளிடக் கரைப் பக்கம் கருடன் வட்டமிட்டால், வயலில் வேலை செய்பவர்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கும்பாபிஷேகத்தன்று கலசத்தின் மேல் கருடன் வலம் வந்த பிறகே நமக்கு மனம் நிறைகிறது. ஆனால் பிணந்தின்னி என்று நாம் ஒதுக்கும் பறவையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அது பிழை என்பதை எனக்கு உணர்த்திய ஒரு காலைப்பொழுதைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன்.

நீலகிரி மாவட்டத்தில், மசினகுடியை அடுத்த பொக்காபுரம் மாரியம்மனைத் தரிசிக்கக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். மறுநாள் காலை, மரவகண்டி அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி உள்ளூர் அன்பர் ஒருவருடன் சற்றுத் தூரம் நடந்தேன். கொக்கையும் நீர்க்காகத்தையும் தவிர வேறெதையும் நான் எதிர்பார்க்கவில்லை. அப்போது மலைச்சரிவுப் பக்கமிருந்து பெரிய வெண்பறவை ஒன்று, இறக்கையை அசைக்காமல் நீரின் மேலே மிதந்து வந்தது. இறக்கையின் பின்விளிம்பு முழுவதும் கறுப்பு, முகமோ மஞ்சள்.

“என்ன பறவை இது?” என்றேன்.

“பாறுங்க ஐயா, மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்துக் கழுகுன்னு சொல்வாங்களே, அதுதானுங்க” என்றார்.

அப்படியே நின்றுவிட்டேன். பத்து வயதில் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலையின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறியிருக்கிறேன். உச்சி வேளையில் பாறையின்மேல் தேசிகர் சர்க்கரைப் பொங்கலுடன் காத்திருப்பார். இரு வெண்பறவைகள் இறங்கி வந்து அமுதுண்டு பறந்துபோகும். திரேதாயுகத்தில் அங்கு வழிபட்டவர்கள் சம்பாதியும் ஜடாயுவும் என்றும், கலியுகத்தில் சம்பு, ஆதி என்னும் முனிவர்களே கழுகுருவில் வருகின்றனர் என்றும் கூறுவர். 1990களின் இறுதிக்குள் அப்பறவைகளின் வரவு நின்றுபோயிற்று. ‘கலி முற்றிவிட்டது’ என்று வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

கலியின் ஒரு முகத்தைப் பின்னர்தான் படித்தறிந்தேன். பாறு வேட்டையாடி உண்பதன்று; இறந்து கிடப்பதை உண்டு, நோய் பரவாமல் காட்டையும் ஊரையும் தூய்மை செய்வது. மாடுகளின் வலியும் வீக்கமும் தணிய டைக்ளோஃபினாக் என்னும் மருந்து ஊசியாகப் போடப்பட்டு வந்தது. அவ்வாறு ஊசி போடப்பட்ட மாடு இறந்தால், அதன் உடலை உண்ட பாறுகள் சிறுநீரகம் பழுதாகிச் சில நாட்களிலேயே மடிந்தன. இதை 2004இல் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினர். அதற்குள் நம் நாட்டில் சில பாறு இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாக அழிந்துவிட்டன. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த அரசு தடை விதித்தது. 2023இல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது.

எண்ணிப் பாருங்கள். கோமாதாவின் வலி தீர வேண்டும் என்று அன்புடன் கொடுத்த மருந்தே ஜடாயுவின் குலத்துக்கு நஞ்சாயிற்று. யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் தீங்கு நேர்ந்தது. தெரியாமல் செய்த பிழைக்கு, தெரிந்தபின் திருத்திக்கொள்வதே பிராயச்சித்தம்.

சீதாபிராட்டிக்காக உயிர் நீத்த ஜடாயுவுக்கு, பெற்ற தந்தைக்குச் செய்வதுபோல் இறுதிக் கடன் செய்தான் இராமபிரான். திருப்புள்ளம்பூதங்குடியிலும், ஜடாயு குண்டம் உள்ள புள்ளிருக்குவேளூரிலும் நாம் அதை நினைந்து வணங்குகிறோம். அவ்வணக்கத்தோடு ஒரு சிறு கடமையையும் சேர்த்துக்கொள்ளலாம். பசு வளர்ப்போரும் கோசாலைக்குக் காணிக்கை அளிப்போரும், “இந்த வலி மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றதுதானா?” என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மனிதர்க்குரிய வலி ஊசியை மாட்டுக்குப் போட அனுமதியாதீர்கள்.

ஊர் திரும்பியதும், நான் மாதந்தோறும் காணிக்கை அனுப்பும் கோசாலையில் இதைக் கேட்டேன். பொறுப்பாளர் மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். வலி மருந்தாக மெலாக்சிகாம் மட்டுமே இருந்தது. மரவகண்டி நீரின் மேல் மிதந்துபோன அந்த வெண்பறவையை மனத்தில் நினைத்து, அங்கேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.