பஸ் காசு மிச்சம். லேபுக்கு எங்கே போவது?

சென்னை—

கொரோனாவால் 2020-ல் கல்லூரிகள் மூடப்பட்டன. பாடம் செல்போனில் வந்தது. பஸ் காசு மிச்சம். புரியாததை மறுபடியும் போட்டுக் கேட்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு வசதிதான்.

ஆனால் வீட்டில் ஒரே போன், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் என்றால்? நெட்டுக்குக் காசு? தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது 2021 ஜனவரியில். அதற்குள் ஒரு செமஸ்டரே ஓடிப்போச்சு! பிப்ரவரியில் கல்லூரிகளும் திறந்தாச்சு!

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு நன்றாகவே நடக்கிறது. அங்கும் பரீட்சையை நேரில் வந்துதான் எழுதணும். அது கம்ப்யூட்டர் படிப்பு, வீட்டிலேயே பழகலாம். கெமிஸ்ட்ரி மாணவர் பியூரெட்டுக்கும், மெக்கானிக்கல் மாணவர் லேத்துக்கும் கல்லூரிக்குத்தான் போகணும்.