சுவரேறிய சாமியும் சிஎன்சி பிள்ளையாரும்

இந்தப் பதிவு யாருடைய பக்தியைப் பற்றியதும் அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வேறு சண்டை ஆரம்பித்துவிடும். வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறோமே மரச் சாமி, அதைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால் அதன் விலையைப் பற்றியது. பி.காம் படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

நொய்டாவில் எங்கள் அடுக்ககத்தில் போன இரண்டு வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு கிரகப்பிரவேசங்களுக்குப் போயிருப்பேன். தமிழர், மலையாளி, பீகாரி, பஞ்சாபி என்று எல்லா வீட்டிலும் சாப்பாடு மட்டும்தான் மாறும். சோபாவுக்கு மேலே இரண்டடிப் பிள்ளையார் மாறமாட்டார். அதில் பாதிக்கு மேல் ஒரே முகம். துதிக்கை அதே இடத்தில் வளைகிறது, பின்னால் அரசிலை அதே மாதிரி விரிகிறது, மோதகத்தில்கூட அதே கோடு. வாங்கியவர் எல்லோரும் "ஹேண்ட் கார்வ்டு சார்" என்றார்கள். கையால் செதுக்கினால் எப்படி ஐயா ஏழு பேருக்கு ஒரே மூக்கு வரும்?

விஷயம் இதுதான். கணினி சொல்கிறபடி ஓடும் வெட்டு இயந்திரத்துக்கு சிஎன்சி ரவுட்டர் என்று பெயர். பிள்ளையார், வேங்கடாசலபதி, ராதா கிருஷ்ணர் எல்லாம் கோப்புகளாக இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறார்கள். ஒரு கோப்பை வாங்கிப் போட்டு, கீழே ஒரு எம்டிஎஃப் பலகையை வைத்தால் (மர நார்களைப் பசையோடு அழுத்திச் செய்வது) சில மணி நேரத்தில் சாமி ரெடி. மேலே தேக்கு நிறத்தில் ஒரு பூச்சு. இதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. மூவாயிரம் ரூபாய்க்கு வீட்டில் ஒரு பிள்ளையார் வருகிறார் என்றால் வரட்டும். அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கும் குடும்பம் இருக்கிறது. என் ஆட்சேபமெல்லாம் அதன்மேல் "கையால் செதுக்கியது" என்று ஒட்டி விற்பதில்தான். அந்தச் சீட்டால் அடி வாங்குகிறவர் வாங்குபவர் இல்லை. அவருக்குச் சுவர் நிறைந்துவிட்டது. அடி வாங்குகிறவர் உண்மையிலேயே உளி பிடிக்கிறவர். அவருடைய விலை எல்லோருக்கும் அநியாயமாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

மரத்தில் சாமி என்றால் ஏதோ ஷோகேஸ் பொம்மை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூரி ஜெகந்நாதர் வேப்ப மரம். பழைய திருமேனியை மாற்றிப் புதிதாகச் செய்யும் நவகளேபரம் கடைசியாக 2015இல் நடந்தது. காஞ்சிபுரம் அத்தி வரதர் பெயரிலேயே மரத்தை வைத்திருக்கிறார். 1979க்குப் பிறகு 2019இல் 48 நாள் வெளியே வந்தபோது ஊரே திணறியது ஞாபகமிருக்கும். ஆனால் நம் சுவரில் தொங்கும் பலகைச் சாமிக்கு நேரான தாத்தா கருவறையில் இல்லை, தேரடியில் இருக்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தேரின் கீழ்த்தட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சுற்றிலும் வரிசையாகப் பலகைகள். இலுப்பை, தேக்கு, வேங்கை என்று வைரம் பாய்ந்த மரம். ஒவ்வொன்றிலும் ஒரு கதை, நடுவே யாளி. வெயில், மழை, வருஷம் ஒருமுறை வடம் பிடிக்கிற குலுக்கல், எல்லாவற்றையும் தாங்குகிற வேலை அது. அந்த வேலைப்பாட்டின் வாரிசுகள்தான் இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி பட்டறைகளில் இருக்கிறார்கள். தேர் வேலை எப்போதாவதுதான் வரும். நம் வரவேற்பறை வேலைதான் நடுவில் அடுப்பெரிய வைக்கிறது. அதனால் சாமியை அலங்காரமாக்கிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அலங்காரமாக்கியதால்தான் அந்த உளி இன்னும் துருப்பிடிக்காமல் இருக்கிறது. (செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டுவது வேறு கதை. அதற்கு என் அம்மாவிடம்தான் பதில் சொல்ல வேண்டும்.)

இடையில் ஒரு குட்டி எச்சரிக்கை. தில்லி பக்கத்துக் கடைகளில் "சௌத் இண்டியன் டெம்பிள் கார்ட், நூறு வருஷம் பழசு" என்று கிசுகிசுத்துப் பலகைகளைக் காட்டுவார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். விற்கிறவருக்கு உரிமம் வேண்டும், பொருளுக்குப் பதிவு வேண்டும், வெளிநாடு கொண்டுபோக முடியாது. காகிதத்தைக் கேட்டீர்களானால் அதன் வயது உடனே எண்பது குறைந்துவிடும் :-)

சரி, உளிக்கு வருவோம். நான் மூன்று வருஷம் சஹாரன்பூரில் வேலை பார்த்தேன். மரவேலைக்குப் பேர் போன ஊர். உத்தரப் பிரதேச அரசு 2018இல் 'மாவட்டத்துக்கு ஒரு பொருள்' திட்டம் கொண்டுவந்தபோது சஹாரன்பூருக்குக் கொடுத்ததும் மரச் செதுக்கல்தான். ஷீஷம் மரம் அங்கே அதிகம், நம்மூர் ஈட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. செதுக்குகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வட இந்தியாவில் எத்தனையோ வீடுகளின் பூஜை மண்டபம் அவர்கள் கையால் வந்ததுதான்.

ஒருநாள் கணக்கு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கவுண்டருக்கு வராமல் நேரே என் அறைக்கு வந்தார். கடன் கேட்கப் போகிறார் என்று நினைத்துக் கோப்பைத் திறந்தேன். அவர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். குருகிராமில் இருக்கிற யாரோ ஒரு மதராசிக் குடும்பம் வள்ளி தெய்வானையோடு முருகன் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. கொடுத்த படம் மங்கல். அவருக்குத் தெரிந்த கார்த்திகேயர் தனிக்கட்டை. "மேனேஜர் சாப், இதில் யார் எந்தப் பக்கம்? ரெண்டு பேரும் ஒரே உயரமா? ஒருத்தர் மூத்தவரா?" என்று கேட்டார். முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை, பார்க்கிறவருக்கு மாறித் தெரியும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கே லேசாக உதறல். அவர் எதிரிலேயே அம்மாவுக்குப் போன் போட்டு உறுதி செய்தேன். அம்மா ஐந்து நிமிஷம் பேசினாள், நான் இந்தியில் பெயர்த்துச் சொன்னேன். வள்ளி மலைக்குறத்தி என்றதும் அவர் பென்சிலால் அந்தப் படத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். முடிந்த பலகையை அனுப்புமுன் எனக்குக் காட்ட எடுத்துவந்திருந்தார். வள்ளியின் கால் கொலுசு தெய்வானையின் கொலுசு மாதிரி இல்லை, கொஞ்சம் தடித்த காப்பு. யாரும் கேட்காமல் அவரே செய்தது.

கையால் செய்ததற்கு ஏன் கூடக் காசு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நம்மூர்ப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவர் தாளக் கணக்குப்படி அளந்து கோடு போடுகிறார். பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், அதனால்தான் குட்டையும் தொப்பையுமாக இருக்கிறார். பிறகு மரத்தில் ஒரு கணு குறுக்கே வந்தால் அதற்கேற்ப ஆயுதத்தை அரை அங்குலம் தள்ளுகிறார். கோப்பு தள்ளாது. கணு மேலேயே மூக்கை வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது கணக்கு. மூன்றடிக்கு இரண்டடி, மூன்று அங்குலக் கனம். சுத்தமாக 1.5 கன அடி மரம். கழிவோடு சேர்த்து 2 கன அடி வாங்க வேண்டும் என்று வையுங்கள். தேக்கு கன அடி 4,000 என்று போட்டால் மரம் மட்டும் 8,000. முகம், நகை, திருவாசி எல்லாம் நுணுக்கமாக வேண்டுமென்றால் ஒரு ஆள் இருபது நாள், நாளுக்கு 1,000 என்று 20,000. மெருகு, பெட்டி, லாரி 2,000. ஆக முப்பதாயிரம், இன்னும் கடைக்காரர் லாபம் சேரவில்லை. தேக்கு வேண்டாம், வாகை போதும், கன அடி 1,000 என்று பிடியுங்கள். ஆறாயிரம் குறையும், அவ்வளவுதான். இருபது நாள் இருபது நாள்தான். ரேட்டெல்லாம் நான் போட்டுக்கொண்டது, உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றினாலும், இதே அளவில் "கையால் செதுக்கிய தேக்குப் பிள்ளையார், 6,500 மட்டுமே" என்று விளம்பரம் வந்தால் மரத்தின் விலைக்கே காணாது. அப்புறம் எங்கே கை?

கண்ணால் கண்டுபிடிப்பதும் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பலகையைத் திருப்பிப் பாருங்கள். மரமென்றால் பின்பக்கமும் பக்கவாட்டிலும் ரேகை தொடர்ந்து ஓடும். எம்டிஎஃப் என்றால் அட்டை மாதிரி ஒரே வழுவழு. பிறகு துதிக்கைக்கும் தொப்பைக்கும் நடுவில் விரலை விடுங்கள். சாதாரண ரவுட்டர் மேலிருந்து கீழே மட்டும்தான் குடையும், பின்னால் புகுந்து குடையாது. அதனால் துதிக்கை தொப்பையோடு ஒட்டியே இருக்கும். நல்ல தச்சர் நகவுளியைப் பக்கவாட்டில் விட்டு அடியில் இருட்டு உண்டாக்கியிருப்பார். சாய்வான வெளிச்சத்தில் கன்னத்தைப் பாருங்கள், நூல் பிடித்த மாதிரி மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் அது இயந்திரத்தின் நடை. இரண்டு காதும் அச்சடித்த மாதிரி ஒன்றே என்றாலும் சந்தேகப்படலாம். முக்கால்வாசியை இயந்திரத்தில் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் கையால் முடிக்கிற பட்டறைகளும் உண்டு. அதைச் சொல்லி விற்றால் அதுவும் நியாயமான வியாபாரமே.

"அதான் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்களே" என்பார்கள். அரும்பாவூருக்கு 2020இல் வந்தது, கள்ளக்குறிச்சிக்கு 2021இல். சந்தோஷம். ஆனால் அந்தக் குறியீடு காப்பது ஊர்ப் பெயரை. அரும்பாவூர் என்று போட்டு வேறெங்கோ செய்ததை விற்றால் கேட்கலாம். வெறுமனே "கையால் செதுக்கியது" என்று போட்டு நொய்டாவில் இயந்திரத்தில் வெட்டியதை விற்பவரிடம் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாது.

கடன் பக்கம் நம்ம ஏரியா. 2023இல் வந்த பிஎம் விஸ்வகர்மாவில் முதலில் ஒரு லட்சம், அதை அடைத்தால் இரண்டு லட்சம், ஐந்து சதவீத வட்டி, ஈடு கிடையாது. தமிழக அரசு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக 2025இல் தொடங்கியது. அரசியலை விடுங்கள், இரண்டும் உதவிதான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். இவர்களுடைய சிக்கல் கடன் கிடைக்காதது மட்டும் இல்லை. பச்சை மரத்தை வாங்கி மாதக்கணக்கில் காயப்போட வேண்டும், அதில் பணம் முடங்கும். செதுக்கி அனுப்பினால் கடைக்காரர் "வித்ததும் தர்றேன்" என்பார், அதில் மறுபடி முடங்கும். நடுவில் வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்று 2006ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. இருக்கிற ஒரே கடைக்காரர்மேல் எந்தத் தச்சர் ஐயா புகார் கொடுப்பார்? ஆகவே நேரே பட்டறையில் ஆர்டர் கொடுத்து, பாதிப் பணம் முன்னால் தருகிற வாடிக்கையாளர் என் வங்கியைவிட அவருக்குப் பெரிய வங்கி. அந்தப் பாதிக்கு வட்டியும் கிடையாது.

கைத்தறிக்கு 2006லேயே கைத்தறி முத்திரை வந்துவிட்டது. பட்டுக்கு சில்க் மார்க். தங்கத்துக்கு ஹால்மார்க். மரத்துக்கு வாங்குகிறவர் கண்ணில் படும்படி ஒன்றும் பரவலாக இல்லை. நான் கேட்பது பெரிய முத்திரைகூட இல்லை. பின்னால் ஒரு சின்னச் சீட்டு: என்ன மரம், கையா இயந்திரமா இரண்டுமா, எந்த ஊர், எத்தனை கிலோ. பிஸ்கட் பாக்கெட்டில் உப்பு எத்தனை என்று போடச் சொல்கிறோம், முப்பதாயிரம் கொடுக்கிற சாமிக்கு இது கேட்கக்கூடாதா? தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் இருக்கிறது. சீட்டில் எழுத்தில் இருந்தால்தானே அதைக் காட்டிக் கேட்க முடியும்? அதுவரை நாமே கடைக்காரரிடம் பில்லில் இந்த நாலு வரியை எழுதித் தரச் சொல்லலாம். எழுத மறுத்தால் விடை கிடைத்துவிட்டது.

ஒன்று விட்டுப்போச்சு. வடக்கே இருப்பவர்கள் ஆர்டர் கொடுக்கும்போது மரம் நன்றாகக் காய்ந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். இங்கே மே மாத அனல் காற்றில் அரைகுறையாகக் காய்ந்த மரம் நெற்றியிலிருந்து தொப்பை வரை பிளக்கும். ஏசி காற்று நேரே படும் சுவரும், பின்னால் குளியலறை இருக்கும் சுவரும் வேண்டாம். பத்துப் பதினைந்து கிலோ இருக்கும், ஒற்றை ஆணியை நம்பாதீர்கள்.