ஊருக்கு வெளியே என்பது எங்கே?

குப்பையை ‘ஊருக்கு வெளியே’ கொட்டுவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். ஊருக்கு வெளியே இருப்பது வெற்றிடமன்று, வேறொருவருடைய ஊர். இதனைக் கேரளத்து ஆலப்புழை நகரம் 2012-ஆம் ஆண்டில் அறிந்துகொண்ட வரலாறு நம் இல்லத்தரசியரும் நகராட்சி உறுப்பினர்களும் ஒருங்கே அறியத்தக்கது.

அந்நகரின் கழிவுகள் நெடுங்காலமாகச் சர்வோதயபுரம் என்னும் சிற்றூருக்கு லாரிகளில் சென்றுகொண்டிருந்தன. அனைவரின் உயர்வையும் குறிக்கும் பெயர் அவ்வூருக்கு வாய்த்ததைக் கவனியுங்கள்! நாற்றத்தைச் சகித்துச் சலித்த மக்கள் இறுதியில் லாரிகளை வழிமறித்தனர். நகரின் தெருக்களிலும் கால்வாய்க் கரைகளிலும் குப்பை குவிந்தது. அம்மறியலை நாம் குறைகூற மாட்டோம். அது நடந்திராவிடில் ஆலப்புழை இன்றும் தன் குப்பையைப் பிறர் வாயிலில் இறக்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

வேறு இடம் கிடைக்காத நிலையில், கழிவு பிறக்கும் இடத்திலேயே அதனை முடிப்பதென நகராட்சி துணிந்தது. வீடுகளில் சாண எரிவாயுக் கலம் போன்ற சிறு கலங்களும், உரமாக்கும் குழாய்களும் வைக்கப்பட்டன. இவற்றுக்கு இடமற்றோருக்கெனத் தெருவோரங்களில் தொட்டிகள் எழுந்தன. தும்பூர்முழி முறை எனப்படும் இத்தொட்டியின் சுவர்களில் காற்றுப் புக இடைவெளிகள் உண்டு. சாணம் ஓர் அடுக்கு, சருகு ஓர் அடுக்கு, அதன்மேல் சமையற் கழிவு என நிரப்புகின்றனர். உள்ளே கை பொறுக்காத சூடு எழும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் எரு ஆகிவிடும். நாற்றமெடுக்காதோ என்று கேட்பீர்கள். காற்றுப் புகாமல் அழுகுவதே நாற்றமெடுக்கும். மலையாய்க் குவித்த குப்பையில் மீத்தேன் பிறந்து தீப்பற்றுவதும் கருநீர் கசிவதும் அதனாலேயே.

ஈரக்கழிவு விலகியதும் மற்றவை எளிதாயின. சாம்பார் படாத காகிதத்துக்கும் கழுவிய பிளாஸ்டிக்குக்கும் பழைய பேப்பர்காரரிடம் விலையுண்டு. இரண்டும் எச்சிற்சோற்றோடு கலந்தால் ஒன்றுக்கும் உதவா. திருமண விருந்துக்கு மறுநாள் மண்டபத்தின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எச்சிலையையும் பிளாஸ்டிக் குவளையையும் பிரிப்பதற்கு அங்கே ஒரு துப்புரவுத் தொழிலாளியின் வெறுங்கைகளே எஞ்சுகின்றன.

2017-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவைச் செவ்வனே கையாளும் ஐந்து நகரங்களுள் ஒன்றாக, ஜப்பானின் ஒசாகாவோடு ஆலப்புழையையும் எடுத்துக்காட்டிற்று. அதற்குக் கைகொடுத்தவை பெரும் எந்திரங்கள் அல்ல. சாணமும் சருகும் இரண்டு வாளிகளுமே.

இரண்டு வாளி என்றதும் ஒரு முறையீடு எழும்: “நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், சுவாமி, வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டிவிடுகிறாரே!” முறையீடு நியாயமானதே. வண்டியில் தடுப்பு இல்லையெனில் அவரைக் கடிந்து பயனில்லை. தடுப்பு வைத்த வண்டி எப்போது வரும் என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அதுவரை ஈரக்கழிவை வீட்டிலேயே உரமாக்க ஒரு துளையிட்ட மண்பானை போதும். அது நிறைந்தால், அருகில் இன்னொன்று.