திசை தெரியாத குரல்

டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி கேட்ட காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மீடியம் வேவில் பாட்டு நன்றாக ஒலித்துக்கொண்டிருக்கும். பெட்டியைச் சற்றுத் திருப்பினால் தேய்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை நிலையத்தை நோக்கும்போதுதான் சத்தம் மிகவும் குறையும். ஆக, சத்தம் அடங்கும் திசையை வைத்தே நிலையம் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம். அந்நாளைய விமானங்களிலும் வளைய ஆண்டெனாவை இப்படித் திருப்பித்தான் திசை கண்டார்கள். அந்தக் கருவியைப் பிரெஞ்சில் சுருக்கமாக ‘கோனியோ’ என்போம்.

1937 ஜூலை 2. அமெலியா இயர்ஹார்ட்டும் வழிகாட்டி ஃபிரெட் நூனனும் நியூகினியின் லே நகரிலிருந்து சுமார் 4,100 கி.மீ. தொலைவிலுள்ள ஹவ்லண்ட் என்ற சின்னஞ்சிறு தீவை நோக்கிப் பறந்தார்கள். தீவருகே காத்திருந்த இடாஸ்கா என்ற அமெரிக்கக் கப்பலில் அந்த அம்மாளின் குரல் உரக்கவே கேட்டது. ஆனால் அவர் பேசிய 3,105 கிலோசைக்கிளில் கப்பலின் கருவியால் திசை காண முடியாது. கப்பல் அனுப்பிய 7,500 கிலோசைக்கிள் அவருக்குக் கேட்டது. அதில் அவரால் திசை காண முடியவில்லை. இரு பக்கமும் கருவி இருந்தது, பொதுவான அலைவரிசைதான் அமையவில்லை. விமானம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது ஜிபிஎஸ் இருக்கிறதே, இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். இன்று விமானங்கள் ஒன்றோடொன்று வலைப்பின்னலாகப் பேச வேண்டுமானால், டார்ச் வெளிச்சம்போல் குறுகிய கற்றையை மற்ற விமானத்தின் மேல் சரியாக விழச்செய்ய வேண்டும். அந்த விமானம் எங்கே என்பதை ஜிபிஎஸ் சொல்லும். ஆனால் சில ஆண்டுகளாக பால்டிக் கடல் பக்கமும் மேற்கு ஆசியாவிலும் பொய்ச் சமிக்ஞைகளால் ஜிபிஎஸ்ஸையே குழப்புகிறார்கள். இருப்பிடம் பொய்யானால் கற்றையும் வெற்று வானத்தில்தான் விழும்.

ஆகவே, வந்து சேரும் அலையிலிருந்தே அதன் திசையை அறியும் வித்தையைக் கைவிடக் கூடாது, இன்னும் மேம்படுத்த வேண்டும் என்பதே என் கட்சி. இன்று ஆண்டெனாவைத் திருப்பவும் வேண்டாம்: பக்கத்துப் பக்கத்தில் பல ஆண்டெனாக்களை வைத்து, அலை எதை முதலில் தொடுகிறது என்ற நுண்ணிய வித்தியாசத்தால் கணக்கிடலாம். விமானம் சாயும், இறக்கையில் அலை பட்டுத் திரும்பும், கணக்கு பிசகும். அந்தப் பிசகைக் குறைக்கத்தான் பணமும் மூளையும் செலவாக வேண்டும்.

கூடவே, கிளம்பும் முன் இரு தரப்பும் தரையிலேயே ஒருமுறை பேசிப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.