உங்கள் பலம் என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்!



பி.காம். படிக்கிறவர்களுக்கு 'ஸ்வாட்' தெரிந்திருக்கும். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு ஒரு நிறுவனத்தை எடைபோடும் முறை. அதை நமக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நம்மில் பலர் எழுதுவது என்ன? பலம்: கடின உழைப்பு, நேர்மை. பலவீனம்: ஆங்கிலம் வராது, சின்ன ஊர். தேனிக்காரரும் இதைத்தான் எழுதுகிறார், திருநெல்வேலிக்காரரும் இதைத்தான் எழுதுகிறார். இதை வைத்து என்ன முடிவு எடுக்க முடியும்?

என்னைக் கேட்டால், குணம் மட்டும் பலம் ஆகாது. நமக்குத் தெரிந்த ஒரு வேலை, அது தேவைப்படும் ஒரு ஆள்... இரண்டும் சேர்ந்தால்தான் பலம்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். ஏலக்காய் மின்னணு ஏலம் நடப்பது போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும். போடி வியாபாரி புற்றடியில் எடுத்த சரக்கு மாநில எல்லையைத் தாண்டி வருகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இதற்கு ஐ.ஜி.எஸ்.டி. கணக்கு வேண்டும். சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். இந்தக் கணக்கும் தெரிந்து, மலையாளமும் பேசத் தெரிந்த பி.காம். மாணவருக்கு 'சின்ன ஊர்' பலவீனமா? எல்லையோரத்தில் பிறந்ததே அவருக்குப் பலம்!

அச்சுறுத்தலையும் மறைக்கக் கூடாது. 2019-ல் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், 2022-ல் சராசரியாக ஆயிரத்துக்கும் கீழே வந்தது. ஒரே சரக்கை நம்பினால் ஆபத்து. ஆனால் கணக்கு வேலை ஏலக்காயோடு நிற்பதில்லை. நூற்பாலைக்கும் அது வேண்டும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை வெளியூருக்கு அனுப்பும் வியாபாரிக்கும் வேண்டும்.

சென்னைக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள். இன்றைக்கே உங்களால் செய்ய முடிந்த மூன்று வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்குக் காசு கொடுக்கக்கூடியவர் யார் என்று எழுதுங்கள். எந்த இடம் காலியாக இருக்கிறதோ, அடுத்து நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

எங்கே வேலை தேடுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் நண்பர்களே!