ஒலன்சபின் எழுதறதுக்கு முன்னாடி எடை மெஷின்ல நிக்க வைங்க

"மாத்திரை போட்டா உடம்பு ஊதிப்போகுது டாக்டர், அதான் நிப்பாட்டிட்டோம்." அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மனநல மாத்திரை சாப்பிடுறவங்க வீட்ல அடிக்கடி கேக்குற பேச்சு. அவங்க சொல்றது பொய் இல்ல.

ஒலன்சபின்னு ஒரு மருந்து. காதுல குரல் கேக்குது, யாரோ கொல்ல வர்றாங்கன்னு தூங்காம உக்காந்திருக்கவங்களுக்குக் கொடுப்போம். 1996-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. பழைய ஹாலோபெரிடால் அளவுக்கு உடம்பு விறைப்பு, நடுக்கம் இதுல வராது. பொதுவா 5 இல்லன்னா 10 மி.கி.ல ஆரம்பிப்போம், 20-ஐ தாண்டுறது வழக்கமில்ல. தூக்கம் வரும், அதான் ராத்திரி.

ஆனா பசி அகோரமா எடுக்கும். எடை ஏறும், சர்க்கரையும் கொழுப்பும் பின்னாடியே வரும். அதனால முதல் மாத்திரைக்கு முன்னாடியே எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயித்துச் சர்க்கரை, கொழுப்பு பாத்து நோட்டுல எழுதணும். எடை 4, 8, 12-வது வாரம் மறுபடி. மத்ததெல்லாம் மூணு மாசம் கழிச்சு, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. இதுக்கு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்ல.

என்னை மாதிரி எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சைக்கியாட்ரிஸ்ட் எழுதினதுக்குக் கீழ 'ரிப்பீட்'னு போடுறது வைத்தியம் ஆகாது. 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகுது. அதே தெருவுல ஒலன்சபின் சாப்பிடுற தம்பிக்கு ஏன் சர்க்கரை பாக்கக்கூடாது? எடை ஏறுறது மூணாவது மாசமே தெரிஞ்சா சாப்பாட்டை மாத்தலாம், மருந்தையே மாத்தலாம். வழி இருக்கு.

தெரியாமப் போனா என்ன ஆகும்? வீட்லயே நிப்பாட்டுவாங்க. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் நோய் திரும்பும், ரூம்ல போட்டுப் பூட்டுவாங்க. இங்கிருந்து ஏர்வாடி ரொம்ப தூரம் இல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்னைக்கு அங்க ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியல. 2017 மனநலச் சட்டம் சங்கிலியில கட்டவே கூடாதுங்குது.

வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு விஷயம். பீடி, சிகரெட் பிடிச்சா ரத்தத்துல ஒலன்சபின் அளவு குறையும். திடீர்னு விட்டா ஏறும், தூக்கம் அள்ளும். விடுறது நல்லதுதான், ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடச் சொல்லுங்க.

இன்னொண்ணு நம்ம வெயில். இந்த மருந்தும், கூடவே நடுக்கத்துக்குக் கொடுக்குற ட்ரைஹெக்சிபெனிடிலும் சேர்ந்தா வேர்வை குறையும், உடம்புச் சூடு இறங்காது. சித்திரை, வைகாசியில கரிமூட்டம், செங்கல் சூளை வேலைக்கு மத்தியானம் அனுப்பாதீங்க. கையில தண்ணி இருக்கட்டும். உடம்பு கொதிச்சு, பேச்சு குழறினா உடனே 108.

மாத்திரையை நிப்பாட்டணும்னு தோணுச்சுன்னா அதுக்கு முன்னாடி 14416-க்கு ஒரு போன் போடுங்க. டெலி மனஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம்.