கெயின்ஸ் கவுண்டியும் யவத்மால் மாவட்டமும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மேற்கு எல்லையில் கெயின்ஸ் என்றொரு கவுண்டி உள்ளது. நமது மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தட்டம்மை பரவிய செய்திகளில் அடிபட்ட பெயர்தான். மழை குறைந்த, நிலத்தடி நீர் வற்றிவரும் மேட்டுநிலம் அது. ஆயினும் டெக்சாஸின் பருத்தி விளைச்சலில் முன்வரிசையில் நிற்கிறது.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், விதை நீக்காத பருத்திக்கான ஆதார விலையைப் பவுண்டுக்கு 36.7 சென்டிலிருந்து 42 சென்டாக உயர்த்தியது. சந்தை விலை அதற்குக் கீழே சரிந்தால் வித்தியாசத்தை அரசுக் கருவூலம் ஈடுசெய்யும். பதிவேட்டிலுள்ள பழைய பரப்பில் 85 விழுக்காட்டுக்கு இத்தொகை கணக்கிடப்படுகிறது. அவ்வாண்டில் பருத்தி விதைத்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு நபருக்கான உச்சவரம்பு 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 டாலராகியுள்ளது. கூட்டாண்மை என்ற பெயரில் அவ்வரம்பையும் பெருக்கிக்கொள்ளலாம். பெரும்பண்ணைகளே பெரும்பங்கைப் பெறுகின்றன என்பதில் வியப்பில்லை.

இந்த 42 சென்டை 2025ஆம் ஆண்டு நாணய மதிப்பில் நமது கணக்கில் மாற்றினால் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 8,100 ரூபாய். நீண்ட இழைப் பருத்திக்கு 2025-26 பருவத்துக்கு மோடி அரசு அறிவித்த ஆதார விலையும் 8,110 ரூபாய்தான்! நடுத்தர இழைக்கு 7,710. எண்கள் ஒன்றுபோல் இருந்தன. ஆனால் அங்கே அது சட்டப்படியான உரிமை. இங்கே வெறும் அறிவிப்பு. மானாவாரியை நம்பி வாழும் யவத்மால் விவசாயி, இந்தியப் பருத்திக் கழகம் கொள்முதல் செய்தால் மட்டுமே அவ்விலையைக் காண்பார். அதற்கும் 2025 முதல் கைபேசிச் செயலியில் பதிவு செய்தாக வேண்டும். ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டினால் பருத்தி திருப்பி அனுப்பப்படும். பிறகு வியாபாரி சொன்னதே விலை. சுவாமிநாதன் ஆணையம் பரிந்துரைத்தவாறு முழு உற்பத்திச் செலவுடன் 50 விழுக்காடு சேர்த்தால் விலை பத்தாயிரத்தைத் தாண்டும்; அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த நிலையில்தான் பஞ்சு இறக்குமதி மீதான 11 விழுக்காடு வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் அரசு நீக்கியது. செப்டம்பர் 30 வரை என்றார்கள். பத்து நாட்களுக்குள் டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அமெரிக்கப் பருத்தி மானியம் உலகச் சந்தையைச் சிதைக்கிறது என்பதை உலக வர்த்தக அமைப்பே பிரேசில் தொடுத்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. 2014இல் 30 கோடி டாலர் கொடுத்து அவ்வழக்கை முடித்துக்கொண்ட அமெரிக்கா, அவ்வாண்டு ஆதரவுப் பட்டியலிலிருந்து நீக்கிய பருத்தியை 2018இல் வேறு பெயரில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அத்தகைய பருத்திக்குத்தான் கதவு திறக்கப்பட்டது.

2025இல் 50 விழுக்காடு அமெரிக்க வரியால் தத்தளித்த பின்னலாடைத் தொழிலைக் காக்கவே இது என்று ஆலை முதலாளிகள் கூறினர். திருப்பூர்த் தொழிலாளர்களிடையே இவ்வாதம் எடுபடக்கூடும். தொழிற்சங்கத் தோழர்கள் இதைச் சந்திக்கத் தயாராக வேண்டும். ஆடை மீதான அந்த 50 விழுக்காட்டுச் சுமையைப் பஞ்சின் மீதான 11 விழுக்காட்டுச் சலுகை ஈடுசெய்யவில்லை. அச்சலுகை கூலியாகத் தொழிலாளியின் கைக்கு வரும் என்று எந்த முதலாளியும் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

 ஆதார விலையைச் சட்டமாக்க வேண்டும். செயலியில் பதியாதவரிடமும் கொள்முதல் செய்ய வேண்டும். விதர்பாவில் அக்டோபரில் பருத்தி சந்தைக்கு வரத் தொடங்கும். கடன்பட்ட சிறு விவசாயி பறித்ததை வீட்டில் வைத்திருக்க இயலாது. 2025 டிசம்பர் 31க்கு முன்பே அவர்களில் பெரும்பாலோர் விற்று முடித்திருப்பார்கள்.